ஐரோப்பாவில் எந்த நகரம் நமக்கு மலிவு? பட்ஜெட் பயணத்துக்கு நகரச் செலவுகளை ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவுக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த நகரம் மலிவு என்பதைத்தான். அதற்கு விடை சொல்லும் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் ஆண்டுதோறும் ஐரோப்பிய நகரங்களின் செலவை ஒப்பிட்டு ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அதில் கணக்கில் சேர்க்கப்படுபவை காபி, பியர், ஒயின், ஒயினோடு கூடிய இருவருக்கான இரவு விருந்து, மூன்று நட்சத்திர விடுதியில் இரண்டு இரவுகள் போன்றவை. வார இறுதிக்குப் பறந்து போய்வரும் பிரிட்டிஷ் தம்பதிக்கு அது சரியான கணக்கு. சென்னையிலிருந்து இரண்டு வாரப் பயணமாக, குழந்தையோடு, மது அருந்தாமல், ஒருவேளையாவது அறையிலேயே சமைத்துச் சாப்பிடும் எண்ணத்தோடு போகிறவருக்கு அந்தப் பட்டியலின் பாதி வரிகள் பொருந்தாது. ஆகவே வேறொருவர் போட்ட கணக்கை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட, நம் கணக்கை நாமே போட்டுக்கொள்வது நல்லது. ஒரு மாலை நேரமும், எக்செல் தாள் ஒன்றும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: உங்கள் ஒரு நாளை எழுதிக்கொள்ளுங்கள்

நகரங்களின் பெயர்களை எழுதுவதற்கு முன்பே, நீங்கள் எப்படிப்பட்ட நாளைக் கழிப்பீர்கள் என்பதை வரிவரியாக எழுதுங்கள். அறை, காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு, நகருக்குள் போக்குவரத்து, கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஓர் இடம், தங்குமிடத்தின் மீதான நகர வரி, இவை தவிரச் சில்லறைச் செலவு என எட்டு வரிகள் போதும். சில்லறைச் செலவு என்ற வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ரயில் நிலையத்துக் கழிப்பறைக்குப் பல ஊர்களில் ஒரு யூரோ வரை கொடுக்க வேண்டியிருக்கும், பெட்டியைப் பூட்டி வைக்கும் லாக்கருக்குத் தனியாகக் கட்டணம் உண்டு, தண்ணீர் பாட்டிலும் சும்மா வராது. பாரிஸின் தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் இலவசம் என்பது இந்த வரியில் பாரிஸுக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல்.

இதை எழுதும்போது நேர்மை வேண்டும். வீட்டில் காலையும் மாலையும் காபி குடிப்பவர், ஐரோப்பாவில் மட்டும் குடிக்கமாட்டேன் என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு மூன்றாம் நாளே உடைந்துவிடும்.

இரண்டாம் படி: ஊருக்கு முன் தேதி

ஒரே நகரம், ஒரே அறை, இரண்டு வாரம் தள்ளிப் போனால் விலை இரண்டு மடங்காவது ஐரோப்பாவில் சாதாரணம். மியூனிக்கில் செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட், ஆகஸ்டில் எடின்பரோவின் கலை விழாக்கள், அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி, பார்சிலோனாவில் குளிர்காலத்தின் கடைசியில் நடக்கும் உலக மொபைல் மாநாடு ஆகிய நாட்களில் அந்தந்த ஊரில் மலிவான அறை என்று எதுவும் மிஞ்சாது. இதற்கு நேர்மாறாக, அலுவல் நிமித்தம் வருபவர்களை நம்பி விடுதிகள் நடக்கும் பிரஸ்ஸல்ஸ் போன்ற ஊர்களில் வார நாட்களைவிட வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆகவே ஒப்பீடு செய்யும் எல்லா நகரங்களுக்கும் நீங்கள் உண்மையில் அங்கே இருக்கப்போகும் தேதியையே போட்டுத் தேடுங்கள். ஓர் ஊருக்கு நவம்பர் விலையையும் இன்னோர் ஊருக்கு ஜூலை விலையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில் பொருளில்லை.

நாட்டளவிலான புள்ளிவிவரத்தையும் ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி விலை நிலையை 100 என்று கொண்டால், 2023-இல் டென்மார்க் 143-ஆகவும், ருமேனியாவும் பல்கேரியாவும் 60 அளவிலும் இருந்தன என்கிறது ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட். எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவும். ஆனால் குரோவேஷியாவின் விலை நிலை சராசரியைவிடக் குறைவு என்பதை நம்பி டுப்ரோவ்னிக்குக்குப் போகிறவர், கோட்டைச் சுவர் மீது நடந்து பார்ப்பதற்கு மட்டும் 2025-இல் 40 யூரோ கேட்கிறார்கள் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்வார். சுற்றுலாப் பயணிகள் குவியும் பழைய நகரப் பகுதிக்கு அதற்கென்று தனி விலைவாசி உண்டு. பொதுமக்களே விலைகளைப் பதிவிடும் நம்பியோ போன்ற தளங்களும், பெரும்பாலும் அந்த ஊரில் வாழ்கிறவர்களின் வாடகையையும் மளிகையையும் காட்டுகின்றன. அங்கிருந்து மலிவான உணவக விலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: அறை

மொத்தச் செலவில் பெரும் பங்கு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

தேடல் பக்கத்தில் தெரியும் மிகக் குறைந்த விலையை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், அல்லது ஜன்னல் இல்லாத அறையாக இருக்கும், அல்லது நீங்கள் பணம் கட்டப்போகும் நாளில் இருக்காது. தேதி, ஆட்களின் எண்ணிக்கை, பத்துக்கு எட்டுக்கு மேற்பட்ட மதிப்பெண், மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்று வடிகட்டி, விலைவாரியாக வரிசைப்படுத்தி, ஆறாவது ஏழாவதாக வரும் விலையை எழுதிக்கொள்வது என் வழக்கம். எல்லா ஊருக்கும் இதே விதியைப் பின்பற்றினால் போதும்.

அடுத்து, ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்கிறோமா, அறைக்கு எவ்வளவு என்று பார்க்கிறோமா என்பதில் தெளிவு வேண்டும். தனியாகப் போகிறவருக்கு, பலர் ஒரே அறையைப் பகிர்ந்து தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை என்பது எல்லா ஊரிலும் மிச்சம். ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு படுக்கை எடுத்தால், புடாபெஸ்ட், கிராக்கோவ் போன்ற ஊர்களில் அதே பணத்துக்குத் தனி அறையே கிடைத்துவிடக்கூடும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட்தான் கணக்குக்கு ஒத்துவரும். ஹாஸ்டல் படுக்கை விலையை வைத்து மலிவு என்று பெயரெடுத்த ஊர் குடும்பத்துக்கும் மலிவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பிறகு நகர வரி. முன்பதிவுத் தளம் காட்டும் விலையில் இது சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். சேராவிட்டால் விடுதி வரவேற்பு மேசையில் தனியாக வாங்குவார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் இது அறைக் கட்டணத்தில் 12.5 சதவீதம். பெர்லினில் 2025 முதல் 7.5 சதவீதம், புடாபெஸ்ட்டில் 4 சதவீதம். லிஸ்பனில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, ப்ராகில் 50 கொருனா, அதாவது ஏறத்தாழ இரண்டு யூரோ. ரோமில் விடுதியின் தரத்தைப் பொறுத்து மாறும். சதவீதமாக வாங்கும் ஊரில் விலை கூடிய அறைக்கு வரியும் கூடுகிறது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊரில் மலிவான அறை எடுத்தவர்களுக்குத்தான் சுமை அதிகம். நாற்பது யூரோ அறையில் இருவர் தங்கினால் லிஸ்பனின் வரி மட்டும் எட்டு யூரோ, அதாவது வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு.

வெனிஸ் தனிக் கதை. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2025-இல் முன்கூட்டியே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10 யூரோ என்று இருந்தது. வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. தரைப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரே அந்த எல்லைக்குள் வருகிறது, பாதுவா வராது. இரண்டிலும் அறை விலை நெருங்கி இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தக் கட்டணமே முடிவு செய்துவிடும்.

பக்கத்து ஊரில் தங்கி மிச்சம் பிடிக்கும் யோசனை வந்தால், அதைக் கணக்குப் போடாமல் ஏற்க வேண்டாம். வியன்னாவுக்குப் பதிலாக ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் தங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்தான். இருவர் தங்கும் அறை வியன்னாவில் 110 யூரோ, பிராட்டிஸ்லாவாவில் 70 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுகளுக்கு மிச்சம் 120 யூரோ. இரண்டு நாள் வியன்னாவுக்குப் போய்வர ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 யூரோ என்றால், இருவருக்கு 80 யூரோ. கையில் நிற்பது 40. அதற்கு விலையாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ரயிலிலும் நிலையத்திலும் போகிறது. அரசு ஓப்பராவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நின்று பார்க்கும் டிக்கெட்டை வாங்கினாலும், கடைசி ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். இதே கணக்கைத் தனியாளுக்குப் போடுங்கள்: ஹாஸ்டல் படுக்கையில் இரவுக்குப் பத்து யூரோ வித்தியாசம் என்றால் மிச்சம் 30, ரயிலுக்கு 40, நஷ்டம். நால்வர் கொண்ட குடும்பமாகப் போய், ரயிலில் எல்லோருக்கும் முழு டிக்கெட் என்றால் 160, அறையில் மிச்சம் அதே 120 அளவில்தான் இருக்கும்; அதுவும் நஷ்டம். ஆக, எல்லோருக்கும் சொல்லப்படும் இந்த யோசனை உண்மையில் இருவராகப் போகிறவர்களுக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாகத்தான் பொருந்துகிறது.

நான்காம் படி: சாப்பாடு

உணவு விலையை ஒப்பிடும்போது இரவு உணவை வைத்து ஒப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதே சமையலறை, அதே சமையல்காரர், மதியத்தில் மட்டும் குறைந்த விலைக்குச் சாப்பாடு போடுகிறார்கள். ஸ்பெயினில் மெனு டெல் தியா, போர்ச்சுகலில் பிராத்து து தியா, ஆஸ்திரியாவில் மிட்டாக்ஸ்மெனு என்று வாசலில் கரும்பலகையில் எழுதியிருக்கும். ஸ்பெயினில் இது இரண்டு பதார்த்தமும் ரொட்டியும் குடிப்பதற்கும் கடைசியில் இனிப்போ காபியோ சேர்ந்த முழுச் சாப்பாடு. பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, இரவில் லிடில், ஆல்டி போன்ற மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டுகளில் வாங்கியதைச் சாப்பிடுவதாக எல்லா ஊருக்கும் கணக்கிட்டால், விலை கூடிய ஊர்கள் சற்றே இறங்கி வருவதைக் காணலாம்.

சைவ உணவுக்காரர்கள் இந்த வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். போலந்தின் பால் உணவகங்களான பார் மெலெச்னி, அந்த நாட்டில் மலிவாக வயிறு நிறையும் இடம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த பியெரோகி ருஸ்கியே கொழுக்கட்டை நம் நாக்குக்கு எளிதாகப் பிடிக்கும். ஆனால் மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவதும் உண்டு என்பதால், வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். புடாபெஸ்ட்டில் எண்ணெயில் பொரித்து மேலே பாலாடைக்கட்டி தூவிய லாங்கோஷ் உண்டு. பாரிஸில் சைவ இரவு உணவு விலை கூடுதல்தான் என்றாலும், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் தோசையும் இடியாப்பமும் அந்த ஊர் உணவகங்களோடு ஒப்பிடும்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டாம் நாள் இரவு குழந்தை சோறு கேட்டு அடம்பிடிக்கும்போது அந்த வட்டாரத்தின் மதிப்பு தெரியும்.

தண்ணீரும் ஒரு செலவுதான். பிரான்ஸில் உணவகத்தில் குழாய்த் தண்ணீரைக் குவளையில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஜெர்மனியில் தண்ணீருக்குப் பெரும்பாலும் விலை உண்டு. ரோம் நகரெங்கும் நசோனி எனப்படும் தெருக்குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, எல்லாவற்றிலும் குடிநீர். இத்தாலியில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. உணவகத்தில் கொபெர்த்தோ என்ற பெயரில் மேசைக்கட்டணமும் பில்லில் சேரும்.

ஐந்தாம் படி: நகருக்குள் போக்குவரத்தும் விமான நிலையத்துக்கான வழியும்

ஒரு நாள் பாஸின் விலையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கையைவிடக் குறைந்த தடவையே ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் பாஸ் வேண்டாம். நடந்தே பார்க்கக்கூடிய ஊர்களில் பாஸ் வாங்குவது வீண். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் விமான நிலையத்துக்கான விலையையும் தனி வரியாக எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பாரிஸில் 2025-இல் மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ, விமான நிலையத்துக்கு 13 யூரோ என்று இருந்தது. ரோமில் நகர டிக்கெட் 1.50 யூரோ, ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்கு லெயோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, அதே விமான நிலையத்திலிருந்து த்ராஸ்தெவெரே வழியாகப் போகும் சாதாரண ரயில் 8 யூரோ. ஏதென்ஸில் 1.20 யூரோ டிக்கெட், விமான நிலைய மெட்ரோவுக்கு 9 யூரோ.

விலை அதிகம் என்று நாம் ஒதுக்கும் சில ஊர்கள் இந்த வரியில் வியப்பூட்டும். லக்சம்பர்க் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்து 2020 முதல் எல்லோருக்கும் இலவசம். ஜெனீவாவிலும் பாசலிலும் விடுதியிலோ ஹாஸ்டலிலோ தங்குகிறவர்களுக்கு, தங்கும் நாட்களுக்கான போக்குவரத்து அட்டையை இலவசமாகத் தருகிறார்கள். அதற்காக ஸ்விட்சர்லாந்து மலிவாகிவிடாது. அந்த வரியில் பூஜ்யம் போடலாம், அவ்வளவுதான்.

ஆறாம் படி: நுழைவுக் கட்டணம்

இங்கே நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் படிக்கும் குறிப்புகளில் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்று இருக்கும். அது பெரும்பாலும் ஐரோப்பியக் குடிமக்களுக்கோ அங்கே வசிப்பவர்களுக்கோ உரிய சலுகை. இந்தியக் கடவுச்சீட்டோடு வரும் கல்லூரி மாணவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தை 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்த்திவிட்டது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் 2025 ஏப்ரல் முதல் 30 யூரோ. மலிவான ஊர் என்று பெயரெடுத்த ஏதென்ஸில் இருவர் ஏறிப் பார்க்க 60 யூரோ ஆகிறது. அதாவது அந்த ஊரில் ஓர் இரவு அறை வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இலவச நேரங்களை வைத்து நாட்களை அமைத்தால் இந்த வரி வேகமாக இறங்கும். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்றும், வத்திக்கான் அருங்காட்சியகம் கடைசி ஞாயிறன்றும் இலவசம். வரிசையில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஊர்விட்டு ஊர் போகும் செலவு

நாளொன்றுக்கான செலவை மட்டும் ஒப்பிட்டால் கிழக்கு ஐரோப்பா எப்போதும் வெல்லும். ஆனால் அந்த ஊருக்குப் போய்ச் சேரும் செலவையும், அங்கிருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பும் செலவையும் கூட்டி, தங்கும் நாட்களால் வகுத்து, தினச் செலவோடு சேர்த்தால்தான் உண்மை தெரியும். சேரும் செலவு 90 யூரோ என்றால், இரண்டு நாள் தங்குகிறவருக்கு அது நாளுக்கு 45, ஆறு நாள் தங்குகிறவருக்கு 15. மலிவான ஊரில் குறைந்த நாள் தங்குவது மிச்சத்தைத் தராது. ப்ராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே தடத்தில் அமைந்த இப்படிப்பட்ட ஊர்களைச் சேர்த்தால் விமானமே தேவைப்படாது.

மலிவு விமானம் என்றால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பாரிஸ் பொவே என்று விற்கப்படும் நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட் ஹான் 100 கிலோமீட்டருக்கும் அப்பால். நான் ஒருமுறை 19 யூரோவுக்கு டிக்கெட் வாங்கிய மகிழ்ச்சியில் இரவு விமானம் ஏறினேன். அது தாமதமாகப் போய் இறங்கியபோது நகருக்கான கடைசிப் பேருந்து போயிருந்தது. முன்பின் தெரியாத மூன்று பேரோடு டாக்சியைப் பகிர்ந்துகொண்டதில் என் பங்குக்கு மட்டும் 35 யூரோ ஆனது. கைப்பெட்டிக்குத் தனியாகக் கட்டிய தொகையையும் சேர்த்தால், பகலில் போகும் ரயிலின் விலையைத் தாண்டிவிட்டிருந்தேன். அதிலிருந்து விமானம் இறங்கும் நேரத்தையும் தாளில் ஒரு பத்தியாக வைத்திருக்கிறேன்.

எட்டாம் படி: நாணயமும் விசாவும்

எல்லா விலைகளையும் முதலில் யூரோவாக்குங்கள், கடைசியில் மட்டும் ரூபாயாக்குங்கள். ஃபாரின்ட், கொருனா, ஸ்லோட்டி என்று மூன்று நாணயங்களில் எண்கள் கலந்து கிடந்தால் கண் ஏமாற்றும். குரோவேஷியா 2023-இலும், பல்கேரியா 2026 ஜனவரி 1 அன்றும் யூரோவுக்கு மாறிவிட்டதால், பழைய குறிப்புகளில் குனா, லெவ் விலைகளைப் பார்த்தால் அவற்றை ஒதுக்கிவிடலாம். ரூபாயாக்கும்போது இணையத்தில் தெரியும் மாற்று விகிதத்தை எடுக்காமல், உங்கள் அட்டையின் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அட்டைக்கு 3.5 சதவீத மாற்றுக் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால், ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் 4,130 ரூபாய் அதற்கே போகிறது. கடையிலோ ஏடிஎம்மிலோ தொகையை ரூபாயில் காட்டி அதிலேயே எடுக்கலாமா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்குச் சம்மதித்தால் அவர்கள் வைத்த விகிதம்தான். புடாபெஸ்ட்டிலும் ப்ராகிலும் யூரோ வாங்கிக்கொள்ளும் கடைகளுக்கும் இது பொருந்தும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ காப்பீடும் வேண்டும். இவற்றை எந்த நகரத்தின் கணக்கிலும் எழுதாமல் தனியாக வைக்கவும். லண்டனைச் சேர்த்தால் மட்டும், அதற்கான தனி விசாக் கட்டணத்தை முழுவதுமாக லண்டனின் பத்தியிலேயே எழுத வேண்டும். பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் இலவசம் என்ற லாபத்தை அந்தக் கட்டணம் விழுங்கிவிடும். விசாவுக்கு, அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்த ஒப்பீடு முழுவதையும் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிரான்ஸிடம் விசா வாங்கிவிட்டு, பிறகு மலிவு என்று கண்டு ஹங்கேரிக்கு அதிக இரவுகளை மாற்றுவது தேவையற்ற சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒன்பதாம் படி: கூட்டிப் பார்த்தல்

இப்போது நகரத்துக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு வரி என்று தாள் நிறைந்திருக்கும். தினச் செலவைக் கூட்டி, நாட்களால் பெருக்கி, சேரும் செலவைச் சேர்த்து, மேலே பத்து சதவீதம் கூட்டுங்கள். கையிலுள்ள பணத்தைத் தாண்டினால் முதலில் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ஊர்களில் ஒன்றைக் குறையுங்கள். ஐந்து ஊரை நான்காக்கினால் ஒரு பயண டிக்கெட்டும், இரண்டு விமான நிலைய அல்லது ரயில் நிலையப் பயணங்களும், பாதி நாளும் ஒன்றாக மிஞ்சுகின்றன.

அதே தாளில் பக்கத்தில் வெற்றுப் பத்தி ஒன்றை விட்டு, பயணத்தின்போது இரவு தூங்குவதற்கு முன் உண்மையில் ஆன செலவை எழுதி வாருங்கள். அடுத்த பயணத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. என் தாள்களில் அறையும் ரயிலும் ஏறக்குறைய சொன்னபடி நின்றிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கணக்கை மீறியது காபி, தண்ணீர், கழிப்பறை என்ற அந்தக் கடைசி வரிதான், அதை இப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு யூரோவாக உயர்த்தி வைத்திருக்கிறேன்.